மாவுக்காரம்மா கொண்டுவந்த சேதிகள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தேன். அதில் பாதிக்குமேல் பதிவறையில், நகல் கொடுக்கும் வேலை. அசலை ஒருவர் வாசிப்பார். நகலை இன்னொருவர் விரல் வைத்துப் பார்த்து வருவார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை என்று உறுதியான பிறகு ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடவேண்டும். அசலில் பிழை இருந்தால் நகலிலும் அந்தப் பிழை இருந்தே ஆகவேண்டும். திருத்த நமக்கு அதிகாரமில்லை. எத்தனையோ விதிகளை மறந்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் ரத்தத்தில் சர்க்கரையோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவன் வீட்டுக்கு நான்கு வருஷம் தோசைமாவு கொண்டுவந்த ஒரு பெண்மணி, தன்னிடம் சொல்லப்பட்ட எந்தச் சேதியையும் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. ஒருமுறை தவிர. அந்த ஒருமுறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சம்மதம் வாங்காமல் ஒருவர் பெயரை வெளியில் விடக்கூடாது. கேட்டால் சம்மதம் என்றுதான் சொல்வார். ஆனால் தன்னைப் பற்றி அவர் சொல்லும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைக் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டவன் நான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் மாவுக்காரம்மா. அது போதும்.

காலை ஆறே காலுக்கு மொபெட் சத்தம் கேட்கும். பின்னால் இரண்டு எவர்சில்வர் குண்டா, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஹாரன் வேலை செய்யாது. உழக்கால் குண்டாவின் மூடியில் இரண்டு தட்டு. உழக்கு நிறைய மாவு ஊற்றியபின் கையை ஒருமுறை சுழற்றிக் கொசுறு விடுவார். மார்கழி மாதத்தில் தெருவே காதை மூடிக்கொண்டு நடக்கும்போது அவர் மட்டும் முந்தானையால் விசிறிக்கொள்வார். மணிமுத்தாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, வேலை போனபின் கீழே இறங்கி வந்தவர். “இதெல்லாம் ஒரு குளிரா சார்? மேல தேங்காண்ணெய வெட்டித்தான் எடுக்கணும்” என்பார்.

அவருடைய வழக்கத்தை நான் முதலில் கண்டுபிடித்தது சவரம் செய்துகொண்டிருந்தபோது. எங்கள் வீட்டு வேப்பமரத்தின் இலைகள் பக்கத்து வீட்டு முற்றத்தில் விழும். அந்த வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் மணி அடித்தபடி பிள்ளைகளை நடக்கவைத்தவர். வேப்பிலைகள் மணிக்குக் கட்டுப்படாததில் அவருக்கு வருத்தம். ஜன்னலுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

“அந்த வீட்டம்மாகிட்ட சொல்லு. மரம் வச்சா மட்டும் போதாது, குப்பையையும் அவங்களே அள்ளணும்னு.”

நான் கத்தியைக் கழுவுவதற்குள் மாவுக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். என் மனைவியிடம் சொன்னார்: “அக்கா, டீச்சரம்மாவுக்குக் கொஞ்சம் வேப்பங்கொழுந்து வேணுமாம். ஒங்க மரத்துக் கொழுந்துன்னா தனி கசப்புங்காவ.”

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சுளகு நிறையப் பறித்துக் கொடுத்தனுப்பினாள். காரணம் புரியாமல் வேப்பிலையைப் பெற்றுக்கொண்ட தலைமையாசிரியை, மரியாதைக்காக அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா அச்சுமுறுக்கு அனுப்பினார். இலைகள் இன்றும் அங்கேதான் விழுகின்றன.

மறுநாள் நான் மாவுக்காரம்மாவைக் கேட்டேன். “டீச்சர் சொன்னது வேற, நீ வந்து சொன்னது வேற. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் திடுக்கிடவில்லை. “அப்பிடியா சார்? வண்டி சத்தத்துல சரியாக் கேட்டிருக்காது.”

“எனக்கா, ஒனக்கா?”

“யாருக்கோ ஒருத்தருக்கு” என்று சொல்லி மூடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அலுவலகத்தில் இப்படி ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் குற்றக் குறிப்பாணை கொடுத்திருப்பேன்.

பின்னொரு நாள் அவரே காரணம் சொன்னார். “மேல எஸ்டேட் லயன் வீடுகள்ல ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவரு சார். இந்தப் பக்கம் ஏசுனா அந்தப் பக்கம் கேக்கும். மழைக்காலம் வந்துட்டா ஒரு வாரம் யாரும் எங்கயும் போக முடியாது. சண்டைய வச்சிக்கிட்டு எங்கன போய் ஒக்காருவிய? அதான், கேட்டதுல பாதிய கேக்காத மாதிரி இருக்கப் பழகிட்டோம்.” மீதிப் பாதியைத் தாமே எழுதிக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கமில்லை.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான்கு தெரு தள்ளி, கால்வாய் ஓரத்தில் பள்ளத்தில் அவன் வீடு. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கிரைண்டர், பம்ப், எதுவும் அவன் கையில் பேசும். என்னோடு மட்டும் ஏழு வருஷம் பேசவில்லை.

தவறு யாருடையது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும், ஆனால் விதி என் பக்கம் இருந்தது. அம்மா கண்ணை மூடுமுன் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: “ஒருத்தனுக்கு ஒருத்தன் இருக்கணும்லே.” காரியமெல்லாம் முடிந்து, தம்பி வாரிசுச் சான்றுக்கு மனுக் கொடுத்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்திலேயே. நானும் ஒரு வாரிசு என்பதால் அந்தக் கோப்பில் நான் கையெழுத்துப் போடக்கூடாது. ஆனால் இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பார்த்தேன். அப்பாவின் இறப்புச் சான்று இல்லை. குறையைச் சுட்டிக்காட்டி, எல்லோரையும் போல அவனையும் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தித் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். “ஏண்ணே, அப்பா செத்தது ஒனக்குத் தெரியாதா?”

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். மூத்த மகன். அம்மாவுக்கு அவன் வைத்தான். அப்படியிருந்தும் சொன்னேன்: “எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதுல்லா?”

“அப்பம் அந்த ஃபைலயே தம்பின்னு கூப்பிட்டுக்கோ. நீ எனக்கு அண்ணன் இல்ல. நீ ஒரு ஜன்னல்.”

வரிசையில் நின்ற பதினைந்து பேர் கேட்டார்கள். என் பின்னால் எழுத்தர்கள் கேட்டார்கள். அவன் போய்விட்டான். நான் அடுத்த மனுவை வாங்கினேன்.

எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்த முதல் வருஷமே மாவுக்காரம்மாவின் கிரைண்டர் மோட்டார் ஒருநாள் புகைந்தது. தம்பியின் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவன் யார், நான் யார் என்று ஊர் அவருக்குச் சொல்லியிருக்கும். மறுநாள் மாவோடு ஒரு சேதியும் வந்தது.

“காயில் கட்டுத அண்ணாச்சியப் பாத்தேன் சார். ஒங்க சர்க்கரை எப்பிடி இருக்குன்னு கேட்டாவ.”

இதில் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள். ஒன்று, வயதில் மூத்த நான் ‘சார்’, தம்பி ‘அண்ணாச்சி’. இரண்டாவது, எனக்குச் சர்க்கரை வந்ததே நாங்கள் பேச்சை நிறுத்தியபின். அவனுக்குத் தெரிய வழியே இல்லை. நகல் போலியென்று அந்த இடத்திலேயே பிடித்துவிட்டேன்.

“தெரிஞ்சு என்ன செய்யப் போறானாம்? அவன் சோலியப் பாக்கச் சொல்லு” என்றேன்.

“சொல்லிருதேன் சார்” என்றார் மிகுந்த பணிவோடு.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அன்று பகல் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் இன்னொரு போலி வந்தது. நான் இன்னும் கடுமையாக ஒரு பதில் சொன்னேன். எப்படியும் குறைத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், மாவு வராத நாளில் எனக்கு மாவைவிடச் சேதி வராததுதான் குறையாக இருந்தது. மனைவி இதைக் கவனித்திருக்கிறாள். “ரெண்டு பேரும் கழுதைக. நடுவுல அவ ஒருத்தி” என்றாள். இதற்கு என் பதிலும் மாவுக்காரம்மா வழியாகப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அந்த மார்கழி மழை. இரண்டு நாள் இரண்டு இரவு நிற்காமல் பெய்தது. தாமிரபரணி படித்துறைகளை எல்லாம் மூடிக்கொண்டு போகிறது என்றார்கள். மின்சாரம் இல்லை, போன் செத்துக் கிடந்தது. காலையில் கால்வாய் உடைத்துக்கொண்டது என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். எங்கள் வீடு மேடு. வாசல்படிக்குக் கீழே தண்ணீர் நின்றது.

மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “தம்பி வீடு கால்வாய் ஓரமுல்லா.”

நான் மாடிக்குப் போய் அந்தத் திசையைப் பார்த்தேன். மழைதான் தெரிந்தது. இறங்கி வந்தேன். மறுபடியும் ஏறினேன்.

பத்து மணி இருக்கும். முழங்கால் தண்ணீரில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு மாவுக்காரம்மா நடந்து வந்தார். மொபெட் இல்லை, குண்டா இல்லை.

“மாவு இல்லக்கா, கரண்டு இல்லேல்லா” என்றார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

“அது கெடக்கட்டும். ஒன் வீடு எப்படி இருக்கு?” என்றாள் மனைவி.

“நமக்கென்ன அக்கா. நான் மேட்டுலல்லா இருக்கேன்.” பிறகு என்னிடம் திரும்பினார். “அண்ணாச்சி வீட்டுல தொடை மட்டும் தண்ணி. புருசனும் பொண்டாட்டியும் கட்டில் மேல நிக்காவ. மத்தவங்கள எல்லாம் ஸ்கூல்ல தங்க வைக்காவ, அங்கன போகச் சொன்னா இவுக மாட்டேங்காவ.”

“அவன் எதுவும் சொல்லிவிட்டானா?”

ஒரு போலிக்கு இதைவிட நல்ல தருணம் அமையாது. ஆனால் அவர் தலையை ஆட்டினார். “இல்ல சார்.”

“வரச் சொல்லு” என்றேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். தனியாக.

“நம்ப மாட்டேங்காவ சார்.”

“என்ன சொன்னான்?”

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார்: “‘எங்க அண்ணன் வாயில இருந்து அப்பிடி ஒரு வார்த்தை வராது. இது நீ அரைச்ச மாவு. நாலு வருசமா நீ அரைச்சதத்தான் தின்னுட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும். வேற வீட்டுல போயி ஊத்து’ன்னாவ.”

நான் நகல் சரிபார்த்தவன். ஒரு புள்ளி பிசகவில்லை. என் தம்பியின் வார்த்தை, அவன் மூக்கால் இழுக்கும் இழுப்பு உட்பட, அப்படியே. அவர் கொண்டுவந்த ஒரே உண்மை நகல் அதுதான். நான்கு வருஷம் அவர் சொன்ன பொய்களை எல்லாம் நாங்கள் நம்பாமல் ஏற்றுக்கொண்டோம். ஒரே ஒரு நிஜத்தைக் கொண்டுபோனபோது அது செல்லவில்லை.

“எழுதிக் குடுங்க சார்” என்றார். “கையெழுத்துப் போட்டு.”

நான் உட்கார்ந்தேன். வெள்ளைத்தாளை எடுத்து, இடப்பக்கம் மடித்து ஓரம் விட்டேன். கை தானாகச் செய்தது. அனுப்புநர், பெறுநர். அதன் கீழே எழுதினேன்:

பொருள்: வெள்ளம் – தங்களுக்கும் தங்கள் மனைவிக்கும் மாடி அறை ஒதுக்குதல் – தொடர்பாக.

பார்வை: அம்மா கடைசியாகச் சொன்னது.

மேற்காண் பொருள் தொடர்பாக, இக்கடிதம் கண்டவுடன் கிளம்பி வரவும். இணைப்பு எதுவும் தேவையில்லை.

தேதி போட்டு, முழுக் கையெழுத்துப் போட்டேன். மனைவி காலி பால் பாக்கெட் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அதற்குள் தாளை மடித்து வைத்து மாவுக்காரம்மாவிடம் நீட்டினேன். “படிச்சுப் பாரு” என்றேன். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

“வேண்டாம் சார். படிச்சா மாத்தணும்னு தோணும்” என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளிக்கதவைப் பிடித்தபடி குடையோடு நின்றேன். மனைவி இரண்டுதரம் உள்ளே கூப்பிட்டாள். தெருமுனையில் முதலில் அந்தக் கம்பு தெரிந்தது. பள்ளம் பார்த்து ஊன்றியபடி மாவுக்காரம்மா முன்னால். அவருக்குப் பின்னால் தம்பி, ஒரு கையில் மனைவியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தலைமேல் ஒரு பையைத் தாங்கிக்கொண்டு. தலை முழுக்க நரைத்திருந்தது. நான்கு தெருவுக்குள் ஏழு வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

வாசலில் நின்று பையைத் திறந்தான். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கட்டு. அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி என் கையில் வைத்தான். அப்பாவின் இறப்புச் சான்று.

“அன்னைக்கு ரெண்டு பிரதி வாங்குனேன். ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு ஒனக்கு” என்றான். “அப்பா செத்துட்டாரு. ஃபைல்கிட்ட சொல்லிரு.”

நான் வாங்கிக்கொண்டேன். “இணைப்பு தேவையில்லைன்னு எழுதியிருந்தேனே” என்றேன்.

“அதப் பாத்துதான் ஒன் எழுத்துன்னு நம்புனேன். வெள்ளத்துல சாகப்போறவனுக்கு பொருள், பார்வைன்னு எவன் எழுதுவான்?”

உள்ளே பெண்கள் இருவரும் சேர்ந்து அழுதார்கள். திரும்பிப் பார்த்தபோது மாவுக்காரம்மா தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். “ஏட்டி, காப்பி குடிச்சிட்டுப் போ” என்று மனைவி கத்தியதற்கு, கம்பை உயர்த்தி ஆட்டினார்.

தம்பி பதினொரு நாள் மாடியில் இருந்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் அசலையும் நகலையும் ஒப்பிட்டோம். ‘அவன் சோலியப் பாக்கச் சொல்லு’ என்று நான் சொன்னது, ‘அண்ணாச்சி சோலி சோலின்னு ஒடம்பக் கெடுத்துக்கிட வேண்டாம்னு சொன்னாவ’ என்று போயிருக்கிறது. என் சர்க்கரையைப் பற்றி விசாரித்ததாகச் சொல்லப்பட்ட அன்று அவன் உண்மையில் சொன்னது, “அந்த ஜன்னல் வீட்டுக்கும் நீதான் மாவு ஊத்துதியா?” ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.

மூன்றாம் நாளே தண்ணீர் வடிந்திருந்தது. தம்பி கடையைத் திறந்து பார்த்துவரப் போனான். திரும்பி வந்தவன் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அண்ணே, அவ வீடு எங்கன இருக்குன்னு தெரியுமா?”

“மேட்டுல.”

“எங்க வீட்டுக்கும் கீழ. கால்வாய்க்கு அந்தப் பக்கம். அன்னைக்கு விடியிறதுக்கு முன்னாலயே சுவரு விழுந்துட்டு. கிரைண்டர் சகதிக்குள்ள. வண்டி சுவத்துக்கு அடியில. ஸ்கூல்லதான் படுத்துக் கெடக்கா. அதுதான் அவ சொன்ன மேடு.”

தன் வீடு விழுந்தபின், அந்தத் தண்ணீருக்குள் எங்களுக்கிடையே மூன்று நடை நடந்திருக்கிறார். மனைவி கேட்டபோது என் காதில்தான் விழுந்தது, ‘நமக்கென்ன அக்கா.’ நான்கு வருஷமாக அவர் சொல்லும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், அந்த ஒன்றை மட்டும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டேன்.

தம்பி அந்தக் கிரைண்டரைக் கழுவி, மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டினான். நான் நிவாரணத்துக்கு மனு எழுதினேன். பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. நான்கு வருஷத்தில் கேட்டதே இல்லை. கேட்டு எழுதினேன். “சேத விவரம் சொல்லு” என்றேன்.

“பெருசா ஒண்ணுமில்ல சார். ஒரு சுவரு கொஞ்சம்போலச் சாஞ்சிட்டு.”

நேரில் போய்ப் பார்த்தேன். சாய்வதற்குச் சுவரே மிச்சமில்லை. பார்த்ததை எழுதினேன், எல்லா இணைப்புகளோடும். பணியில் இருந்தவரை ஒருவர் சொன்னதை மாற்றி எழுதியதில்லை. அன்று எழுதினேன்.

ஆனாலும் அந்த வீட்டில் திரும்ப இருக்க முடியாது என்று அவருடைய மகள் வந்து, தான் இருக்கும் திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டாள். கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டுதான் போனார். இப்போது எங்கள் தெருவில் கடையில் விற்கும் பாக்கெட் மாவு. அதில் புளிப்பு இருக்கிறது, சேதி இல்லை. தம்பியும் நானும் நேரடியாகப் பேசிக்கொள்வதால் வாரம் ஒரு சண்டை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இங்கே வருவான். போனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிடுவோம். போன வாரமும் பேசினோம்.

“நல்லா இருக்கேன் சார். இங்கன எல்லாரும் தங்கமா இருக்காவ. மக நல்லாப் பாத்துக்கிடுதா. மாவு நல்லா ஓடுது. ஒரு கொறையும் இல்ல. அண்ணாச்சிகிட்ட சண்டை போடாதிய.”

போனை வைத்தபின் மனைவி கேட்டாள், “எப்படி இருக்காளாம்?”

“நல்லா இருக்காளாம்” என்றேன்.

தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தான். “பேசும்போது பின்னால கிரைண்டர் ஓடிச்சே, கேட்டியா?”

“கேட்டேன்.”

“பேரிங் போயிருக்கு. கல்லு உரசுது. அதுல மாவு ஒழுங்கா அரையாது, கல்லக் கையால தள்ளித் தள்ளித் தோள்பட்டைதான் கழண்டு போகும். ரெண்டு மாசமாவது ஆகியிருக்கும்” என்றான். “ஒரு கொறையும் இல்லங்கா.”

அசலைப் பார்க்காமல் நகலில் கையெழுத்துப் போடக்கூடாது. வரும் வெள்ளிக்கிழமை திருப்பூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். தம்பி பேரிங்கை வாங்கித் துணியில் சுற்றி வைத்துவிட்டான். நாங்கள் வருவதை அவரிடம் சொல்லவில்லை.